வயலோரத்தில் தொடங்கும் ஆய்வு: இரண்டாம் வருட மாணவி ஒருவருக்குப் பதில்

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் இரண்டாம் வருடம் படிக்கும் தங்கை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "மிருகங்கள், பறவைகளின் நடத்தையில் ஆய்வு செய்ய விருப்பம். அதற்கென்று கருவி எதுவும் இல்லை, கையில் காசும் இல்லை. நாலாம் வருடம் வரைக்கும் பொறுத்திருக்கத்தான் வேணுமா? என்ட கூட்டாளி மாணவர்களின் தூக்கத்தைப் பற்றிக் கூகுள் படிவம் அனுப்பப் போறா. அது லேசாத் தெரியுது, நானும் அதையே செய்யட்டா?"

இதற்குள் இருப்பது இரண்டு கேள்வி. கருவி இல்லாத ஒருவர் சேர்க்கும் தரவை மற்றவர்கள் நம்புவார்களா என்பது ஒன்று. மனிதரிடம் படிவம் கொடுத்துக் கேட்பது விலங்கைப் பார்ப்பதைவிட லேசா என்பது மற்றது. முதலாவதற்கு, நம்புவார்கள், எதை, எப்படி எண்ணப்போகிறீர்கள் என்பதை எண்ணத் தொடங்கும் முன்னரே எழுதி வைத்திருந்தால். இரண்டாவதற்கு, லேசு இல்லை. படிவம்தான் அதிகம் பிழை வரும் வேலை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நடத்தை விஞ்ஞானம் கண்ணாலும் குறிப்புப் புத்தகத்தாலும் வளர்ந்த துறை. 1973 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற டின்பேர்கன், லோரென்ஸ், வொன் ஃபிரிஷ் மூவரும் தேனீ, வாத்து, கடற்பறவை என்று வெளியில் கிடைத்ததைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். "பார்த்தேன்" என்பதை "அளந்தேன்" என்று ஆக்கும் விதிகளை ஜீன் ஆல்ட்மன் 1974 இல் ஒரு கட்டுரையாக ஒழுங்குபடுத்தினார். ஒரே விலங்கைக் குறித்த நேரம் விடாமல் பார்ப்பது, கூட்டத்தை இடைவெளிவிட்டு ஒருமுறை கண்ணோட்டி ஒவ்வொன்றும் அந்தக் கணம் என்ன செய்கிறது என்று எழுதுவது, மனம்போனபடி கண்ணில்பட்டதைக் குறிப்பது என்று பல முறைகளை அவர் பிரித்துக் காட்டினார். கடைசியாகச் சொன்ன முறையில் எடுத்த குறிப்பு கேள்வியைக் கண்டுபிடிக்க உதவும். விடை சொல்ல உதவாது. மாணவர் குறிப்புகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. எடுப்பாகத் தெரிந்த நடத்தை அளவுக்குமேல் பதிவாகும். பறவை சும்மா நின்ற நேரத்தை யாரும் எழுதுவதில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க உங்கள் கைக்கெட்டும் ஒரு பறவையையே எடுக்கிறேன். செங்கலடியிலிருந்து படுவான்கரைப் பக்கம் போனாலும், சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களுக்குப் போனாலும், உழவு மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் திரளாக நடப்பதைக் காணலாம். மாடு மேயும் இடத்தில் இந்தக் கொக்கு தனியே மேய்வதைவிட அதிகமாக இரை பிடிக்கிறது என்பது பல நாடுகளில் காட்டப்பட்ட, உறுதியான முடிவு. அதே நன்மை மெசினுக்குப் பின்னாலும் கிடைக்கிறதா, கிடைத்தால் மெசின் ஓடுவதாலா அல்லது மண் புரண்டதாலா என்பது நம் வயலில் நின்று கேட்கக்கூடிய, ஒரு போகத்துக்குள் முடிக்கக்கூடிய கேள்வி. "வயல் சூழலில் நீர்ப்பறவைகளின் நடத்தை" என்று தலைப்பு வைத்தால் அது ஒருபோதும் முடியாது. ஒரு இனம், ஒரு நடத்தை, ஒரு ஒப்பீடு போதும்.

முதலில் இனத்தைப் பிழையில்லாமல் பிரிக்கப் பழகுங்கள். சின்ன வெண்கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு அலகு கட்டையாகவும் மஞ்சளாகவும் இருக்கும், கழுத்து குறுகல், தாடைக்குக் கீழே சற்றுத் தடித்துத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் மார்பும் செம்மஞ்சளாகும். சந்தேகமான பறவையைப் பதிவு செய்யாதீர்கள். ஆனால் எத்தனை பறவையைச் சந்தேகத்தால் விட்டீர்கள் என்பதை எழுதுங்கள்.

அடுத்தது ஒப்பீடு. பெரும்பாலான திட்டங்கள் பழுதாகும் இடம் இதுதான். மெசினுக்குப் பின்னால் நிற்கும் கொக்கையும் தூரத்தில் வரம்பில் நிற்கும் கொக்கையும் ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம் ஒன்றாகக் கலந்துவிடும்: மெசின் இருக்கிறதா என்பதும், மண் புரண்டிருக்கிறதா என்பதும். ஆகவே மூன்று நிலைகள் வேண்டும். ஓடும் மெசினுக்கு 10 மீற்றருக்குள், அன்றே உழுது மெசின் நின்றுவிட்ட மண்ணில், அதே கண்டத்தில் (வயற்பரப்பில்) இன்னும் உழாத மண்ணில் என்று வையுங்கள். நடுவிலுள்ள நிலை சாப்பாட்டு நேரத்தில் தானாகவே கிடைக்கும். மெசின்காரர் நிறுத்திச் சாப்பிடும் அந்த அரைமணி உங்களுக்குப் பெறுமதியானது. ஆனால் எப்போதும் நண்பகலிலேயே அந்த நிலையைப் பார்த்தால் வெயிலின் பாதிப்பை மெசினின் பாதிப்பு என்று எழுதிவிடுவீர்கள். காலையில் தேநீருக்கு நிறுத்தும்போதும் எடுத்துச் சமப்படுத்துங்கள்.

பிறகு வரைவிலக்கணங்கள். "இரை தேடுதல்" என்று எழுதினால் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுவார்கள். "கொத்தல்: கழுத்து முழுதாக நீண்டு அலகு நுனி மண்ணையோ நீரையோ தொடுவது" என்று எழுதுங்கள். "வெற்றி: கொத்தியபின் தலையைப் பின்னால் எறிந்து விழுங்கும் அசைவு தெரிவது" என்று எழுதுங்கள். மூன்றாவதாக "தெரியவில்லை" என்ற ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். சின்னப் பூச்சியை விழுங்குவது 40 மீற்றரிலிருந்து தெரியாது. பெட்டி இல்லாவிட்டால் அதெல்லாம் தோல்வியாகப் பதிவாகிவிடும். கூடவே நடந்த அடிகளையும் எண்ணினால், ஒரு இரைக்கு எத்தனை அடி என்ற இன்னொரு அளவு கிடைக்கும். என் கணிப்பில் அதுதான் கூடுதல் சுவையான எண். மெசினுக்குப் பின்னால் கொத்தல் கூடியும் வெற்றி வீதம் மாறாமலிருக்கலாம். அப்போது உழைப்பு குறைந்ததா என்பதை அடிகள் சொல்லும்.

களத்தில் வேலை இப்படிப் போகும். வரம்பில் வந்து நின்றதும் 5 நிமிடம் ஒன்றும் எழுதாதீர்கள், பறவைகள் உங்களைப் பழகட்டும். 30 மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள். அந்த நிலையிலுள்ள பறவைகளை இடமிருந்து எண்ணுங்கள். 17 இருந்தால் தொலைபேசியில் 1 முதல் 17 வரை எழுமாற்று எண் ஒன்று எடுங்கள், 11 வந்தால் பதினோராவது பறவை. கண்ணுக்கு நல்லாத் தெரியும் பறவையைத் தேர்ந்தால், சுறுசுறுப்பான பறவையையே தேர்ந்திருப்பீர்கள். அதை 2 நிமிடம் விடாமல் பாருங்கள். எழுதக் குனிந்தால் கொத்தலைத் தவறவிடுவீர்கள், ஆகவே தொலைபேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு "அடி, அடி, கொத்து, வெற்றி" என்று சொல்லிக்கொண்டே போங்கள், எழுதுவது வீட்டில். பறவை இடையில் பறந்தால் அதுவரை பார்த்த நேரத்தைக் குறித்து நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். பறந்த பறவைகளை அடியோடு தள்ளிவிட்டால் விரட்டப்பட்ட, பலம் குறைந்த பறவைகள் தரவிலிருந்து காணாமற் போகும்.

காணொளி எடுக்க முடிந்தால் நல்லது. 2 நிமிடக் காணொளி எளிதாக 100 மெகாபைற்றைத் தாண்டும் என்பதால் போக முன்னர் தொலைபேசியில் இடம் ஒதுக்குங்கள். டூரின் பல்கலைக்கழகத்தில் உருவான போரிஸ் என்ற இலவச மென்பொருள் காணொளியை ஓடவிட்டு ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு விசையை அழுத்திப் பதிய உதவும். காணொளியில் இன்னொரு பலனும் உண்டு. அது எந்த நிலை என்று தெரியாத கூட்டாளி ஒருவர், சத்தத்தை அணைத்து, மெசின் தெரியாதபடி ஓரத்தை வெட்டிய காட்சியைப் பார்த்து எண்ணலாம். நாம் எதிர்பார்ப்பதையே கண் காணும் என்ற பழுதுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

இரண்டு பேர் எண்ணுவது ஒத்துப்போகிறதா என்று சோதிக்காத நடத்தைத் தரவை நல்ல பரிசோதகர் திருப்பி அனுப்புவார். சதவீதம் மட்டும் போதாது. 100 துண்டுக் காட்சிகளில் இருவரும் 90 இல் ஒரே விடை சொன்னால் நல்லதாகத் தெரியும். ஆனால் இருவருமே 90 வீதமான காட்சிகளுக்கு "மேய்கிறது" என்றே சொல்பவர்களாக இருந்தால், கண்ணை மூடிச் சொன்னாலும் 82 இல் ஒத்துப்போவார்கள் (0.9 × 0.9 உம் 0.1 × 0.1 உம் சேர 0.82). தற்செயலைக் கழித்துக் கணிக்கும் கோஹனின் கப்பா அளவு அப்போது (0.90 − 0.82) ÷ 0.18, அதாவது 0.44 தான். 0.6 க்குக் கீழே வந்தால் ஆளை மாற்ற வேண்டாம், வரைவிலக்கணத்தைத் திருத்துங்கள்.

மாதிரி அளவில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒரு கண்டத்தில் ஒரு நாளில் 60 பறவை பார்த்தால் உங்களிடம் இருப்பது 60 சுயாதீனத் தரவு அல்ல. அடையாளமிடாத பறவைகள் என்பதால் ஒரே பறவையைத் திரும்பவும் பார்த்திருக்கலாம். எல்லாமே ஒரே மண், ஒரே வெயில், ஒரே மெசின். இதைப் போலி மீள்செய்கை என்று 1984 இல் ஹேர்ல்பேட் பெயரிட்டு விளக்கினார். இன்றும் இளமாணி ஆய்வறிக்கைகளில் ஆக அதிகமாகக் காணும் பிழை இதுதான். உங்கள் அலகு "ஒரு கண்டம், ஒரு நாள்". ஒவ்வொரு நிலையிலும் 5 பறவை பார்த்துச் சராசரி எடுத்தால் அந்த நாளுக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு எண். பாதிப்பு பெரிதென்றால், அதாவது நியம விலகலின் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவின்) 0.8 மடங்கு வித்தியாசம் இருந்தால், இரண்டு நிலைகளைச் சோடியாக ஒப்பிட 15 நாள் அளவில் போதும், நடுத்தரம், 0.5 மடங்கு என்றால் 34 நாள் வேண்டும். இரண்டும் வழக்கமான 80 வீத வலுவுக்கும் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 வீதப் பொருளுண்மை மட்டத்துக்கும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு). மூன்று நிலைக்கும் 20 நாள் என்று வைத்தால் 20 × 15 × 2, 600 நிமிடம். பார்வை நேரம் 10 மணித்தியாலம்தான். மிச்சமெல்லாம் பயணமும் காத்திருப்பும். அடுத்த கண்டத்தை 2 கிலோமீற்றராவது தள்ளித் தேருங்கள். அப்போதும் அதே கொக்குக்கூட்டம் பறந்து வந்திருக்கலாம், அதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நாட்களை நாட்காட்டி தீர்மானிக்காது, மழையும் வாய்க்காலும் தீர்மானிக்கும். பெரும்போக உழவு ஓடும் நாட்கள் கண்டத்துக்குக் கண்டம் மாறும். எந்தக் கண்டத்தில் எப்போது மெசின் இறங்கும் என்பதை வட்டவிதானையிடம் (வயல்களின் நீர்ப்பாய்ச்சலைக் கவனிப்பவரிடம்) கேட்டால் ஒரு வாரத் திட்டம் கையில் வந்துவிடும். புழுதி உழவையும் சேற்று உழவையும் ஒரே தரவில் கலக்காதீர்கள். மேலே வரும் இரை வேறு. வயற்காரரிடம் முதல் நாளே அனுமதி கேளுங்கள், மருந்தடித்த வயலில் இறங்காதீர்கள். வயற்சேற்றில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. காலில் புண் இருந்தால் அன்று வரம்போடு நில்லுங்கள், போகும் முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். படுவான்கரையில் காட்டோரக் கண்டங்களுக்கு யானை வரும். பொழுது சாயும் முன் திரும்புவதைத் திட்டத்திலேயே எழுதுங்கள், தனியே போகாதீர்கள்.

வயல் வேண்டாம், வாவிதான் வேண்டும் என்றால் கண்டல் ஓரத்துச் சேற்றில் ஆண் நண்டுகள் பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டுவதைப் பார்க்கலாம். அதே விதிகள் இங்கும் செல்லும். ஒரு சேற்றுத்திட்டுத்தான் அலகு, ஒரு நண்டு அல்ல. நீங்கள் அசைந்ததும் எல்லாம் வளைக்குள் ஓடும், மீண்டும் வரும்வரை கால் மணியாவது சிலையாக இருக்க வேண்டும். முன்பு யூகா என்ற ஒரே பேரினத்தில் இருந்த இந்த நண்டுகள் 2016 இல் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன, ஆகவே பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தேடினால்தான் கட்டுரைகள் முழுதாகக் கிடைக்கும். மட்டக்களப்பு வாவியில் முகத்துவாரம் மூடியிருக்கும் காலமும் வெட்டித் திறந்த பிறகும் நீர்மட்டமும் உவர்த்தன்மையும் வெகுவாக மாறும். திறந்த தேதியைக் குறிக்காத தரவுக்கு விளக்கம் எழுத முடியாது. வாவியில் கேட்கும் "பாடும் மீன்" ஒலியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அந்த ஒலி எந்த உயிரினத்தினுடையது என்பது இன்னும் தீர்ந்த விடயம் அல்ல. நீருக்கடி ஒலிவாங்கி இல்லாமல் முதல் ஆய்வாக அதை எடுக்க வேண்டாம்.

அனுமதி விடயத்தில் உறுதியானது இது: பறவையைப் பிடிப்பது, வளையம் இடுவது, கூட்டிலோ முட்டையிலோ கைவைப்பது, குமண, லாகுகல, கல்லோயா போன்ற தேசிய பூங்காக்களுக்குள் ஆய்வு செய்வது எல்லாவற்றுக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அதற்கு மாதங்கள் போகலாம். தனியார் வயலில் தூரத்தில் நின்று பார்ப்பது அப்படிப்பட்டதல்ல, ஆனாலும் உங்கள் துறை என்ன கேட்கிறது என்பதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு சஞ்சிகைக்கு அனுப்பும்போது நெறிமுறைக் கூற்று கேட்பார்கள்.

இப்போது உங்கள் கூட்டாளியின் தூக்கப் படிவம். மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். தரவு சேர்த்த பின் விண்ணப்பித்தால் அனுமதி கிடையாது, அந்தத் தரவு வீண். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழு இருக்கிறது. எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்பதை மேற்பார்வையாளர்தான் சொல்ல வேண்டும். தூக்கத்துக்குப் பலர் எடுப்பது 1989 இல் வந்த பிற்ஸ்பேர்க் தூக்கத் தரச் சுட்டி: 19 கேள்வி, 7 கூறு, மொத்தம் 0 முதல் 21, 5 ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். அதைத் தாமாகத் தமிழாக்கிக் கொடுத்தால் அந்த 5 என்ற எல்லைக்கோடு செல்லுபடியாகாமல் போகும். உரிமையாளரின் அனுமதி, இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பு, மூலத்தைப் பாராத ஒருவர் திருப்பி ஆங்கிலமாக்குவது, பத்துப் பதினைந்து பேரிடம் "இந்தக் கேள்வியில் என்ன விளங்கியது" என்று கேட்பது எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டில் ஆக்கிய வடிவம் கிடைத்தாலும் நம் பிள்ளைகளுக்குச் சொல் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். அந்தப் படிவம் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கிறது. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பும் மாணவர்களிடமோ பரீட்சை மாதத்திலோ கொடுத்தால் வருவது அந்த மாதத்தின் தூக்கம்தான்.

எல்லா ஆய்வறிக்கையிலும் மாதிரி அளவாக 384 என்ற எண் வருகிறதே, அது தேடும் நிலை 50 வீதமானோரிடம் இருக்கும், பிழை 5 வீதம், மிகப் பெரிய குடித்தொகை என்ற எடுகோளுக்கான விடை. பீடத்தில் 600 பேர்தான் என்றால் திருத்தத்துக்குப் பின் 235 போதும். ஆனால் வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு விரும்பியவர் நிரப்பினால் 235 அல்ல, 2,000 வந்தாலும் அது எழுமாற்று மாதிரி ஆகாது. தூக்கம் கெட்டவரே அக்கறையாக நிரப்புவார். பெயர்ப்பட்டியலில் குலுக்கி எடுத்தவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். பாடம் எடுக்கும் விரிவுரையாளர் வகுப்பில் படிவம் கொடுத்தால் மாணவருக்கு மறுக்கும் சுதந்திரம் இல்லை, அதைத் தவிருங்கள். பதிவிலக்கம், தொலைபேசி எண் எதையும் தேவையில்லாமல் கேட்காதீர்கள். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுதான். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுனாமி, யுத்தம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைத் தொடும் கேள்விகளை இளமாணி ஆய்வில் சேர்க்காதீர்கள். நம் மாவட்டங்களில் பல வீடுகளில் அது ஆறாத புண். விடை எழுதும்போது ஒருவர் உடைந்துபோனால் அவரை அன்றே யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடும் பயிற்சியும் உள்ளவர் செய்யட்டும்.

இந்த இரண்டு வகை ஆய்வும் சொல்ல முடியாதது எது என்பதிலும் தெளிவு வேண்டும். தொலைபேசி பார்ப்பவர் குறைவாகத் தூங்குகிறார் என்று ஒருமுறை எடுத்த படிவம் காட்டினால், தொலைபேசியால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் தொலைபேசியை எடுத்தாரா என்று அது சொல்லாது. அதேபோல் கொக்கு நிமிடத்துக்கு அதிகம் பிடித்தது என்றால் அதற்குக் கிடைத்த சக்தி கூடியது என்று ஆகாது. இரையின் பருமன் உங்களுக்குத் தெரியாது. முடிவுரையில் இந்த எல்லையைத் தாண்டினால் நல்ல தரவும் மதிப்பிழக்கும்.

நாலாம் வருடம் வரை பொறுக்க வேண்டியதில்லை. ஆய்வறிக்கைப் பாடத்துக்குரிய புள்ளியும் தகுதியும் உங்கள் அணியின் கைந்நூலில் உள்ளபடிதான், அதைத் துறை அலுவலகத்தில் பாருங்கள். ஆனால் முன்னோட்டம் எடுக்க யாரும் தடையில்லை. வரும் உழவில் 3 நாள் போய், 10 பறவை பாருங்கள். வரைவிலக்கணம் எத்தனை இடத்தில் உடைகிறது என்று எழுதுங்கள். பிறகு விரிவுரையாளரிடம் "ஏதாவது ஆய்வு தாருங்கள் சேர்" என்று போகாமல் ஒரு பக்கத் தாளோடு போங்கள்: கேள்வி ஒரு வசனம், ஏற்கெனவே தெரிந்தது நாலைந்து கட்டுரையிலிருந்து, எதை அளப்பது, எத்தனை நாள், என்ன அனுமதி, என்ன செலவு. ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் உள்நாட்டுக் கட்டுரைகள் இலவசம். கிடைக்காத கட்டுரைக்கு எழுதியவரிடமே மின்னஞ்சலில் கேட்டால் பலர் அனுப்புவார்கள். அந்த முன்னோட்டத் தரவை உண்மைத் தரவோடு சேர்க்காதீர்கள், வரைவிலக்கணம் மாறியிருக்கும். களத்திலிருந்து வந்த அன்றிரவே ஒலிப்பதிவைத் தாளில் இறக்கி, தாளைப் படமெடுத்து, தேதியும் கண்டமும் கோப்பின் பெயரில் வரும்படி இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்த நாளுக்கு விட்டால் "தெரியவில்லை" என்று சொன்னது எது, பறவையைத் தவறவிட்டது எது என்று உங்களுக்கே பிரிக்க வராது.